கழுவுவதற்கு முன் படம் எடுங்கள்: புதுப்பிக்காத பழைய காரை அசல்தன்மைத் தேர்வுக்குத் தயார் செய்வது

1967-ஆம் ஆண்டு செவ்ரோலெ கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பானெட்டைத் திறந்து என்ஜினின் முன்பக்க வலது மூலையைப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய தட்டையான இரும்புப் பரப்பு இருக்கும். பெரும்பாலும் கிரீஸும் தூசியும் படிந்து கறுத்துப்போயிருக்கும். என்ஜின் எந்த ஆலையில் பூட்டப்பட்டது, எந்த நாளில், எந்தக் காருக்காக என்பதெல்லாம் அங்கேதான் குத்தப்பட்டிருக்கின்றன.

பழைய கார் எவ்வளவு அசலாக மிஞ்சியிருக்கிறது என்று நடுவர்கள் புள்ளி போடும் தேர்வுக்கு முந்தின நாள் காரின் உரிமையாளர் அந்த இடத்தைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவர்கள் எழுத்தைப் படிக்கச் சிரமப்படக் கூடாதே என்று நினைத்து, உப்புத்தாளை எடுத்துப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார். எழுத்து இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் காருக்காகப் பேச இருந்த மிகப் பெரிய சாட்சியை அவரே அழித்துவிட்டார்.

காரணம் இதுதான். ஆலையில் என்ஜின் பிளாக்கின் மேற்பரப்பைச் சமமாகச் சீவும் இயந்திரம், அந்தச் சின்னப் பரப்பிலும் நேர்கோடுகளாக மெல்லிய கீறல்களை விட்டுச் செல்லும். எழுத்துகளும் எண்களும் அந்தக் கீறல்களின் மேல்தான் குத்தப்பட்டன. வேறு காரின் என்ஜினைக் கொண்டுவந்து மாட்டி, பழைய எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு, புது எண் குத்தும் மோசடி இந்த உலகில் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் எண் சரியாக இருக்கும், கீறல் இருக்காது. அதனால் அனுபவமுள்ள நடுவர் எண்ணைப் படிக்கும் முன்பே கீறலைத் தேடுவார். உப்புத்தாளால் தேய்த்த நேர்மையான காரும், எண் மாற்றிய பொய்க் காரும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

புதுப்பிக்காத காரைத் தேர்வுக்குக் கொண்டுபோக நினைக்கும் புதியவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதைத்தான். இங்கே தயார் செய்வது என்றால் அழகுபடுத்துவது இல்லை. காரில் எது அழுக்கு, எது சான்று என்று பிரித்தறிவதுதான் வேலையில் முக்கால்வாசி.

நம் ஊர்க் கோயில்களில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுவர்களைச் சுத்தம் செய்த காலம் நினைவிருக்கலாம். கல் பளிச்சென்று ஆனது, கூடவே கல்வெட்டுகளும் மழுங்கின. நூற்றாண்டுகளாக நின்ற எழுத்தைச் சில மணி நேரத்தில் இழந்தோம். பழைய காரில் அதே தவறைச் செய்ய ஒரு வயர் பிரஷ் போதும்.

எதை வைத்து அளக்கிறார்கள்

பழைய கார்ப் போட்டிகள் எல்லாம் ஒரே வகை இல்லை. சிலவற்றில் மினுமினுப்புக்குத்தான் பரிசு. அசல்தன்மைத் தேர்வு அப்படியல்ல. இந்தக் கார் ஆலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ, அதில் எவ்வளவு இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதே அங்கு கேள்வி. உலகெங்கும் பல சங்கங்கள் இதை நடத்துகின்றன. நான் கார்வெட்டை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இந்த ஒரு காருக்கு அமெரிக்காவில் வளர்ந்திருக்கும் தேர்வு முறை அவ்வளவு நுணுக்கமானது. அதைப் புரிந்துகொண்டால் ஜாகுவார், போர்ஷே என்று எந்தக் காருக்கும் அந்த அறிவு உதவும்.

1974-இல் தொடங்கிய தேசிய கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி, சுருக்கமாக என்சிஆர்எஸ், காரை 4,510 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறது. 94 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் டாப் ஃபிளைட் என்ற முதல் நிலை. 85-க்கு மேல் இரண்டாம் நிலை, 75-க்கு மேல் மூன்றாம் நிலை. வெளிப்புறம், உட்புறம், என்ஜின் பகுதி, அடிச்சட்டம் எல்லாவற்றையும் தனித்தனிக் குழு பார்க்கும். அதோடு ஹார்ன், வைப்பர், விளக்கு, கடிகாரம், ரேடியோ என்று வேலை செய்ய வேண்டியவை வேலை செய்கின்றனவா என்ற சோதனையும் உண்டு.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, அசல்தன்மைக்கும் நிலைமைக்கும் தனித்தனிப் புள்ளி வைத்திருப்பது. 1967-இல் ஆலையில் அடித்த பெயின்ட் மங்கி, ஓரங்களில் தேய்ந்திருக்கிறது என்றால் நிலைமையில் புள்ளி குறையும், அசல்தன்மையில் குறையாது. அதே காருக்கு நேற்று நவீனப் பெயின்ட் அடித்துக் கண்ணாடி போல ஆக்கியிருந்தால், நிலைமையில் முழுப் புள்ளி கிடைக்கலாம், அசல்தன்மை அடிபடும். மங்கலான பழைய பெயின்டை 'குறை' என்று நினைத்து மறைக்கத் துடிக்கும் புதியவர் இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டாலே பாதித் தவறுகள் நின்றுவிடும்.

ஒரு பாகம் அசலா என்று பார்க்க நடுவர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்கிறார்கள். வடிவம் சரியா? அதிலுள்ள தேதி காரோடு ஒத்துப்போகிறதா? முழுமையாக இருக்கிறதா? மாட்டியிருக்கும் விதம் சரியா? மேற்பூச்சு ஆலை செய்தது போல இருக்கிறதா? ஒரு போல்ட்டுக்கும் இந்த ஐந்தும் பொருந்தும். சரியான போல்ட்டைத் தலைகீழாக மாட்டியிருந்தால் வடிவம் சரி, மாட்டிய விதம் தவறு. சரியான போல்ட்டுக்கு குரோமியம் முலாம் போட்டிருந்தால் மேற்பூச்சு தவறு.

இது பொதுத் தேர்வு. புதுப்பித்த கார்களும் இதில் கலந்துகொள்ளும். புதுப்பிக்காத கார்களுக்கென்றே அதே சங்கம் 'போ-டை' என்ற தனி விருதை வைத்திருக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் ஊரில் 1973-இல் தொடங்கிய புளூமிங்டன் கோல்ட் என்ற அமைப்பு, இதே நோக்கத்தில் 1990-இல் 'சர்வைவர்' சான்றிதழைக் கொண்டுவந்தது. அதன் அளவுகோல் எளிமையானது, ஆனால் கடுமையானது. காருக்கு 20 வயதாவது ஆகியிருக்க வேண்டும். சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். பாதிக்கு மேல் புதுப்பிக்காமல், மாற்றாமல் இருக்க வேண்டும். இன்னொரு காரைப் புதுப்பிப்பவர் இதைப் பார்த்து மாதிரியாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு அதன் மேற்பூச்சுகள் மிஞ்சியிருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புதுப்பிக்காத கார்தான் மூல ஓலை. புதுப்பித்த கார்கள் எல்லாம் அதைப் பார்த்து எழுதிய படிகள். மூலத்தில் ஒருவர் தன் இஷ்டத்துக்குத் திருத்தம் செய்துவிட்டால், பின்னால் வரும் எல்லாப் படியிலும் பிழை ஏறும்.

முதல் வேலை: கேமரா

1967-இல் செயின்ட் லூயிஸ் ஆலையில் 22,940 கார்வெட்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று, குட்வுட் பச்சை நிறத்தில், 327 கன அங்குல என்ஜினோடு, ஏதோ ஒரு கொட்டகையில் தூசி படிந்து நின்று இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். தண்ணீர்க் குழாயை எடுக்கத்தான் கை போகும். எடுக்காதீர்கள்.

முதலில் படம். மேலே, கீழே, உள்ளே, சீட்டைத் தூக்கி அதன் அடியில், சக்கர வளைவுக்குள், டேஷ்போர்டின் அடியில் என்று எல்லா இடங்களையும் எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுத்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத சாக்பீஸ் கோடும் மெழுகுப் பென்சில் எழுத்தும் தெரியும். ஆலையில் ஒவ்வொரு நிலையிலும் வேலை செய்தவர்கள் அப்படித்தான் குறித்து வைத்தார்கள். இறுக்கிச் சரிபார்த்த போல்ட்டின் மேல் ஒரு பொட்டுப் பெயின்ட், என்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பில் கையால் கிறுக்கிய ஓர் எண், அடிச்சட்டத்தின் பக்கவாட்டில் வெள்ளை மையில் அச்சுத் தகடு வைத்து அடித்த பாக எண். இவை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கலாம். உயர் அழுத்தத் தண்ணீர் ஒரு நிமிடம் பட்டால் போதும், ஐம்பது அறுபது வருடம் இருந்தது ஓடும் சேற்றோடு போய்விடும்.

சீட்டுக்கு அடியில் கிடைக்கும் காகிதத்தையும் குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு பெட்ரோல் ரசீதில் தேதியும் மைல் கணக்கும் இருந்தால் அதுவும் சான்றுதான். காரோடு வந்த கையேடு, வாரன்டிப் புத்தகம், அதில் ஒட்டியிருக்கும் 'புரொடெக்ட்-ஓ-பிளேட்' என்ற சின்ன அலுமினியத் தகடு எல்லாவற்றையும் அமிலமில்லாத உறையில் போட்டு வையுங்கள். 1967 காருக்கு இன்னொரு புதையலும் உண்டு. ஆலையில் அந்தக் காருக்கான வேலைப் பட்டியலைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டியிருப்பார்கள். என்னென்ன கூடுதல் வசதியோடு கார் பிறந்தது என்று அது சொல்லும். பார்க்க வேண்டுமே என்று டேங்க்கை அவசரமாக இறக்கினால் காகிதம் கிழியும். வளையும் கம்பிக் கேமராவை உள்ளே விட்டு முதலில் அது இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

காரை வாசிப்பது

படம் எடுத்து முடித்தபின் கார் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் இது மலைப்பாக இருக்கும். அப்புறம் இதைவிடச் சுவையான பகுதி வேறு இல்லை என்று தோன்றும்.

முன்னே சொன்ன என்ஜின் பரப்பில் 'வி0315எச்இ' என்று இருந்தால், 'வி' என்பது மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட் ஆலை. 0315 என்பது மார்ச் 15. கடைசி இரண்டு எழுத்து, அது 300 குதிரைத்திறன் கொண்ட 327 என்ஜின், கையால் மாற்றும் கியர்பெட்டிக்கானது என்று சொல்கிறது. பக்கத்தில் காரின் வரிசை எண் குத்தப்பட்டிருக்கும். அது கிளவ் பாக்ஸுக்கு அடியில் உள்ள தகட்டின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

என்ஜின் பிளாக்கின் பின்பகுதியில் வார்ப்புத் தேதி புடைத்து நிற்கும். 'சி 7 7' என்றால் மூன்றாவது மாதம், ஏழாம் நாள், 1967. இரும்பை வார்த்தது மார்ச் 7, என்ஜினைப் பூட்டியது மார்ச் 15, கார் செயின்ட் லூயிஸை விட்டு வெளியே வந்தது அதற்குப் பிறகு என்று வரிசை அமைய வேண்டும். காரைவிட இளைய பாகம் காரோடு பிறந்திருக்க முடியாது. மிக மூத்ததாக இருந்தாலும் சந்தேகம்தான். பொதுவாகப் பாகத்தின் தேதி, கார் முடிந்த தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருந்தால் ஏற்கிறார்கள்.

தேதி என்ஜினில் மட்டும் இல்லை. கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், சக்கரங்கள், சீட் பெல்ட்டில் தைத்த துணிச் சீட்டு வரை எல்லாவற்றிலும் உண்டு. கண்ணாடியில்கூட உண்டு. லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு நிறுவனத்தின் கண்ணாடிகளில் இரண்டு எழுத்து பொறித்திருக்கும், ஒன்று மாதம், ஒன்று ஆண்டு. மாத எழுத்துகள் அகர வரிசையில் இருக்காது. மார்ச்சுக்கு 'எல்', ஏப்ரலுக்கு 'ஜி', டிசம்பருக்கு 'வி' என்று போகும். பட்டியல் இல்லாமல் ஊகித்து எழுதாதீர்கள். கல் பட்டு உடைந்து மாற்றிய முன் கண்ணாடியை இந்த இரண்டு எழுத்தே காட்டிக்கொடுக்கும்.

நிறத்தையும் சரிபார்க்கலாம். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள உடல் தகட்டில் 983 என்று இருந்தால் ஆலை அடித்தது குட்வுட் பச்சை. அது அடித்த அதே பெயின்டா என்பது அடுத்த கேள்வி. அந்தக் காலத்துக் கார்வெட்டுக்கு அக்ரிலிக் லேக்கர் பெயின்ட். மேலே தனியாகத் தெளிவான பூச்சு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத மூலையில் மென்மையான வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் தடவினால் துணியில் பச்சை ஏறும். நவீன இரட்டைப் பூச்சில் துணி வெள்ளையாகவே இருக்கும். இது ஒன்று மட்டும் ஆலைப் பெயின்ட் என்பதற்கு முடிவான சான்று ஆகாது, ஏனென்றால் பின்னாளில் யாரும் லேக்கர் அடித்திருக்கலாம். கதவுச் சந்து, ரப்பர் பட்டைக்கு அடிப்பகுதி, விளக்கு மூடியின் உள்பக்கம் போன்ற இடங்களில் வேறு நிறமோ, மறைப்பு டேப்பின் கோடோ தெரிகிறதா என்று தேட வேண்டும்.

ஆலைப் பெயின்ட் சீராக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபைபர்கிளாஸ் உடலில் உள்ள ஒட்டுகள் மேலே லேசாகத் தெரியும், சில இடங்களில் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கும், கீழ்ப்பகுதிகள் மங்கலாகவே விடப்பட்டிருக்கும். அடிச்சட்டத்தின் கறுப்புப் பூச்சு வழிந்து சொட்டி உறைந்திருக்கும். வேகமாக ஓடிய உற்பத்தி வரிசையின் கைத்தடம் அது. அந்த வழிசலைத் தேய்த்துச் சமன்படுத்தி அழகாக்குவது, ஆலை செய்யாத ஒன்றைக் காரில் சேர்ப்பதாகும். இதை இந்த வட்டாரத்தில் மிகைப் புதுப்பிப்பு என்பார்கள். அதற்கும் புள்ளி போகும்.

கை வைக்கும் நேரம்

சரி, இனி சுத்தம் செய்யலாம். எப்போதும் மிக மென்மையான வழியில் தொடங்குங்கள். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷும் வாக்குவமும் முதலில். அது போதவில்லை என்றால் வடிகட்டிய தண்ணீரில் நனைத்த துணி. அதுவும் போதவில்லை என்றால் காரம் இல்லாத சோப்பு. எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் கொஞ்சம் மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பான், அதுவும் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, நாணயம் அளவு இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகு. பஞ்சில் கறுப்பு வந்தால் அழுக்கு. பச்சையோ ஆரஞ்சோ வெள்ளையோ வந்தால் உடனே நிறுத்துங்கள். நீங்கள் இப்போது துடைத்துக்கொண்டிருப்பது ஆலையின் பூச்சை. லேக்கர் தின்னர் பக்கமே போக வேண்டாம், பெயின்டை அது கரைத்துவிடும்.

என்ஜின் பரப்பில் உள்ள பிசுக்குக்கும் இதே வழிதான். மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். எழுத்து தெளிவாகப் படிக்க முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, நடுவர்களிடம் டார்ச் இருக்கும்.

செவ்ரோலெ என்ஜின்களின் ஆரஞ்சுப் பெயின்ட் விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். என்ஜினுக்குப் பெயின்ட் அடித்தபோது புகையை வெளியேற்றும் குழாயான மேனிஃபோல்டின் மேலும் கொஞ்சம் தெறித்தது. வண்டி ஓடி மேனிஃபோல்ட் சூடானதும் அது எரிந்து உதிர்ந்துவிட்டது. ஓடிய காரில் அங்கே துருநிறம் இருப்பது இயல்பு. கடையில் வாங்கிய ஸ்பிரே டப்பாவை எடுத்து அதன்மேல் ஒரு கோட் அடித்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் உண்மையான ஆரஞ்சும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். ஒரு பொய் பக்கத்தில் உள்ள பத்து உண்மையையும் கெடுக்கும். டயருக்குப் போடும் சிலிக்கான் பளபளப்பு, வைனில் சீட்டுக்குப் போடும் எண்ணெய், போல்ட் தலைக்கு வெள்ளிப் பெயின்ட் எல்லாம் இதே கணக்கில் வரும்.

உட்புறத்தில் கம்பளம் மேலே வெளுத்து, கதவடித் தகட்டுக்கு அடியில் மட்டும் பழைய நிறத்தில் இருக்கும். அந்த வேறுபாடுதான் அது மாற்றாத கம்பளம் என்பதற்குச் சான்று. சாயம் ஏற்றிச் சீராக்கினால் சான்று போய்விடும். கிழிந்த தையலை அதே துளைகளில் மறுபடி தைப்பது தவறில்லை, மேலும் கிழியாமல் அது காக்கும்.

இனி உயிருக்கு ஆபத்தான பாகங்கள். இங்கே மட்டும் என் கருத்து உறுதியானது. பாதுகாப்புக்கும் அசல்தன்மைக்கும் மோதல் வந்தால் பாதுகாப்புப் பக்கம் நில்லுங்கள். கார்வெட்டுக்கு 1965 முதல் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அதில் பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர்களின் உள்துளை ஈரத்தால் குழிகுழியாக அரித்துப்போகும், சீல் நிற்காது, பிரேக் திரவம் கசியும். காலிப்பரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது மாட்டத் தேவையில்லை. உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் பொருத்தித் தருவார்கள். அசல் வார்ப்பு, அதன் அடையாளங்கள் வெளியே அப்படியே இருக்கும், பழுது உள்ளே மறைந்திருக்கும். புதுப்பிக்காத காருக்கு இதைவிட நல்ல பழுதுபார்ப்பு எனக்குத் தெரியாது. பழைய பிரேக் பேடிலும் கிளட்ச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் எடுங்கள்.

ரப்பர் ஹோஸ், விசிறி பெல்ட், டயர் போன்றவை வயதானால் நம்ப முடியாது. கழற்றி மாற்றுங்கள், ஆனால் எதையும் எறியாதீர்கள். ஹோஸில் அச்சடித்த குறி, ஹோஸை இறுக்கும் விட்டெக் நிறுவனக் கிளாம்ப்பில் பொறித்த தேதி எல்லாமே சான்று. எங்கே இருந்தது, எந்தத் திசையில் திருகு இருந்தது என்று எழுதிச் சீட்டுக் கட்டி ஒரு பெட்டியில் வையுங்கள். சீட்டு கட்டாமல் போட்ட பெட்டி ஆறு மாதத்தில் வெறும் பழைய இரும்புப் பெட்டி ஆகிவிடும். டயருக்கு ஒரு வழி உண்டு. 1967 கார் 7.75-15 அளவு பயாஸ் பிளை என்ற பழைய வகை டயர்களோடு வந்தது. அதே தோற்றத்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஓட்டுவதற்கு அவற்றைப் போட்டுக்கொண்டு, தரையையே தொடாத அசல் ஸ்டெப்னி டயர் கிடைத்திருந்தால் அதை அதன் கூண்டிலேயே விட்டுவிடுங்கள்.

முகப்பு விளக்கைப் பாருங்கள். நடுவில் முக்கோணத்துக்குள் 'டி-3' என்று இருந்தால் அது அந்தக் காலத்து அசல் பல்பு. நான்கில் ஒன்று எரியவில்லை என்று நான்கையும் மாற்றிவிடாதீர்கள். எரிகிற மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் தேடுங்கள். பழைய உதிரிச் சந்தைகளில் கிடைக்கும்.

தேர்வு நாளும் அதற்கு முந்தைய வாரங்களும்

அந்தந்த ஆண்டுக் காருக்கென்று நடுவர் கையேடு தனியாக விற்கிறார்கள். அதை வாங்கி, காரின் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக நீங்களே ஒரு முறை மதிப்பிடுங்கள். கையேட்டில் இருப்பதும் காரில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் காரை உடனே கையேட்டுக்கு ஏற்ப மாற்றாதீர்கள். ஆலையில் ஒரு பாகம் தீர்ந்துபோய் வேறு ஒன்றை மாட்டிய நாட்கள் உண்டு. உங்கள் கார் அந்த நாளில் பிறந்ததாக இருக்கலாம். அதைக் காட்டும் படமும் தேதியும் இருந்தால் எடுத்துப் போங்கள். கையேடுகளும் இப்படிப்பட்ட கார்களைப் பார்த்துத்தான் திருத்தப்படுகின்றன.

சோதனை ஓட்டத்துக்கு முன்பு சில வாரம் காரை ஒழுங்காக ஓட்டிப் பழக்குங்கள். நின்றே கிடந்த கார் தேர்வு மைதானத்தில்தான் எண்ணெய் கசியத் தொடங்கும். இரவில் ஒவ்வொரு விளக்கையும் போட்டுப் பாருங்கள். ஓடாத கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுங்கள், ஆனால் முகப்பைத் தொடக் கூடாது என்று சொல்லியே கொடுங்கள். தீயணைப்பான் ஒன்று காரில் இருக்கட்டும். தூரத்திலிருந்து டிரெய்லரில் ஏற்றாமல் ஓட்டியே வருபவர்களுக்கு என்சிஆர்எஸ் கூடுதல் புள்ளி தருகிறது. எனக்கு மனத்துக்கு நிறைவான விதி அது.

மாற்றியவை எல்லாவற்றையும் ஒரு தாளில் நேர்மையாக எழுதி நடுவர்களிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். 'முன் கண்ணாடி மாற்றியது, பிரேக் காலிப்பர்களில் குழாய் பொருத்தியது, ஹோஸ்கள் புதியவை, பழையவை பெட்டியில் உள்ளன' என்று இருந்தால் போதும். அவர்கள் எப்படியும் கண்டுபிடிப்பார்கள். நீங்களே சொல்லிவிட்டால் மற்ற பாகங்களைப் பற்றி நீங்கள் சொல்வதையும் நம்புவார்கள். கதவு, பானெட் எல்லாவற்றையும் நீங்களே திறந்து காட்டுங்கள், பழைய கீல் எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அவர்கள் புள்ளி குறைக்கும்போது வாதாடாமல் காரணத்தைக் கேளுங்கள். தன் வாழ்க்கையில் ஆயிரம் கார்களின் அடியில் படுத்துப் பார்த்தவர் உங்கள் காருக்காக ஒரு காலைப் பொழுதைத் தருகிறார். 'இந்தக் கிளாம்ப் ஏன் தவறு?' என்று கேட்டால், பெரும்பாலும் கையில் டார்ச்சோடு குனிந்து, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டியே விளக்குவார். புள்ளிகள் எழுதிய தாள்களை வாங்கி, சொன்னதை அன்றைக்கே அவற்றின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் மறந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும், குறைந்த புள்ளிகளை எல்லாம் அடுத்த முறை மீட்டுவிட வேண்டும் என்று ஒரு வேகம் வரும். பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். தவறான கிளாம்ப், பின்னாளில் மாட்டிய ரேடியோ, நிறம் தவறான வயர் ஆகியவை ஒரு பக்கம். இவற்றுக்குச் சரியான தேதி கொண்ட அந்தக் காலத்துப் பாகங்களைப் பொறுமையாகத் தேடலாம். மங்கிய பச்சைப் பெயின்ட், ஓட்டுநர் சீட்டின் இடது ஓரத்துத் தேய்மானம், வெளுத்த கம்பளம் ஆகியவை மறுபக்கம். அந்தப் பக்கத்தின் மேல் 'தொடக் கூடாது' என்று பெரிதாக எழுதி, புரொடெக்ட்-ஓ-பிளேட் இருக்கும் அதே உறைக்குள் வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு இந்தக் காரை வாங்குபவர் முதலில் திறப்பது அந்த உறையைத்தான்.